சாவிக்காரரின் மெலனின் தொடர்பான குறிப்பாணை

எங்கள் குடிநீர் வாரியத்தில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கோப்பு உண்டு. நாற்காலிக்குக் கோப்பு, நாற்காலியின் உடைந்த காலுக்குத் தனிக் கோப்பு, அந்தக் காலைத் தேடியதற்கு ஓர் இணைப்புக் கோப்பு. இவற்றைப் பதினாறு வருஷமாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டி வைக்கிற எழுத்தர் நான். எனவே நான் சொல்வதில் தேதி தப்பினாலும் பக்க எண் தப்பாது.

தண்ணீருக்குக் கோப்பு இல்லாததற்குக் காரணம், அது பதினோரு பேர் கையில் இருந்தது. வால்வு திறப்பவர்கள். அவர்களில் மூத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். ஆள் உயரத்துக்கு இரும்பில் ஒரு சாவி, அதன் தலையில் ஒரு குறுக்குக் கம்பி. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கிளம்பினால், மதியம் இரண்டு வரை தெருத்தெருவாகக் குழிக்குள் சாவியை விட்டுத் திருகுவதுதான் வேலை. ஊரே அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடும். பள்ளத்தில் இருக்கிற தெருக்களை இரண்டு மணி நேரம் அடைத்தால்தான் மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறும். எந்த வால்வை எத்தனை சுற்று திருக வேண்டும் என்பது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அது மச்சானின் மணிக்கட்டில் இருந்தது. பத்தொன்பது வருஷம் வெயிலில் நின்றதில் அவர் முகமும் கைகளும் நல்ல கருப்பு. அதைப் பற்றி அவரும் குறை சொன்னதில்லை, ஊரும் குறை சொன்னதில்லை.

குறையைக் கண்டுபிடித்தவர் எங்கள் இயக்குநர்.

அவர் ‘நீர் மேலாண்மை: எதிர்காலச் சவால்கள்’ என்ற ஐந்து நாள் மாநாட்டுக்குப் போய் வந்தார். சவால்கள் என்ன ஆயின என்று தெரியவில்லை. கையோடு ஒரு குழுப் படம் கொண்டுவந்தார். அதில் மற்ற வாரியங்களின் இயக்குநர்கள் எல்லாரும் முகம் பளபளவென்று நின்றார்கள். எல்லாரும் ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிடுகிறவர்களாம். நம்மவர் முகம் மட்டும் பல்பு போன அறை மாதிரி இருந்தது. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் சுற்றறிக்கை வந்தது. தட்டச்சு செய்தவன் நான்தான்.

“பொருள்: ஊழியர் நலம் – தோலில் மெலனின் நிறமி உற்பத்தியை வாரியத்தின் மாண்புக்கு உகந்த அளவில் பராமரித்தல் – ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை வழங்குதல் – தொடர்பாக.”

மறுநாள் கூட்ட அறையில் விளக்கக் கூட்டம். மாத்திரைக் கம்பெனியின் பிரதிநிதி ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினார். ஒரு பாதியைச் சும்மா வைத்தார். மறு பாதியை மாத்திரை கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து வைத்தார். எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்தோம். சும்மா வைத்த பாதி பழுப்பேறிக் கறுத்திருந்தது. முக்கி வைத்தது வெட்டினபடியே வெள்ளையாக இருந்தது. கண்காணிப்பாளர் முதல் ஆளாகக் கைதட்டினார். எங்கள் அலுவலகத்தில் படிவங்கள் அனைத்துக்கும் அவர்தான் தாய் தந்தை. எதற்கு எந்த நேரத்தில் கைதட்ட வேண்டும் என்பதும் அவருக்கு அத்துப்படி.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து மேடத்தை இயக்குநர் எழுப்பி, “நீங்க விஞ்ஞானம் படிச்சவங்க. இது நிஜமா இல்லையா, சொல்லுங்க” என்றார்.

“நிஜந்தான் சார். கிழங்கை வெட்டினா அதுல இருக்கற ஒரு நொதி, காத்துல இருக்கற ஆக்ஸிஜனைச் சேர்த்து அந்தக் கறுப்பை உண்டாக்குது. நம்ம தோல்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு நொதிதான் மெலனினை உண்டாக்குது. ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் நடுவுல புகுந்து அந்த வேலையைத் தடுக்கும். சோதனைக் குழாய்ல நல்லாவே தடுக்கும்.”

“பார்த்தீங்களா!”

“ஆனா சார், கிழங்கை மருந்துல முக்கினாங்க. மனுஷன் முழுங்கறான். அது வயித்துக்குப் போயி, ரத்தத்துல கலந்து, தோலுக்கு வந்து சேர்றதுக்குள்ள என்ன மிஞ்சும்னு சொல்லவே முடியாது. அதுவுமில்லாம வெயில்ல வேலை பாக்கறவங்களுக்கு மெலனின் குறையவும் கூடாது. தோலுக்கு அதுதான் குடை.”

இயக்குநர் சற்று நேரம் கிழங்கைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். கிழங்குதான் அவருக்குப் பிடித்திருந்தது.

“ஏம்மா, கிழங்கு என்ன நம்ம வாரியத்துல வேலை பாக்குதா? விடுப்பு இல்ல, பதவி உயர்வு இல்ல, ஒரு சலுகையும் இல்லாத கிழங்குக்கே இது வேலை செய்யுது. நிரந்தர ஊழியருக்கு வேலை செய்யாதா?”

இந்தக் கேள்விக்கு எந்த விஞ்ஞானத்திலும் பதில் இல்லாததால் மேடம் உட்கார்ந்துவிட்டார்.

இருந்தாலும் எதையும் விஞ்ஞான முறைப்படி செய்வது என்று முடிவாயிற்று. பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, பாதிப் பேருக்கு உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும் என்றார் மேடம். கண்காணிப்பாளர் பதறிப் போனார்.

“குலுக்கிப் போட்டு, இயக்குநருக்கு மாவு விழுந்துட்டா? கடைநிலை ஊழியனுக்கு மாத்திரை போயிட்டா? நிர்வாகமே குட்டிச்சுவராயிடும்மா!”

எனவே பதவி வாரியாகப் பிரித்தார்கள். அறையும் திரைச்சீலையும் குளிரூட்டியும் உள்ள அதிகாரிகளுக்கு மாத்திரை. வெளிவேலைக்காரர்களுக்கு மாவு. மாத்திரையோடு ஒரு துண்டுச் சீட்டும் தந்திருந்தார்கள்: ‘மாத்திரை சாப்பிடும் காலத்தில் மேலே வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.’ அதிகாரிகள் இதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். நீரேற்று நிலையத்தைப் பார்வையிடுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அங்கே போகும் வழியில் வெயில் இருந்தது.

பன்னிரண்டு வாரம் கழித்து அளந்தோம். அளப்பதற்கு முப்பத்தாறு கட்டம் போட்ட ஒரு நிற அட்டை. ஒன்று பால் நிறம், முப்பத்தாறு தார் நிறம். முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, பொருந்துகிற கட்டத்தின் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். இயக்குநர் பதினேழிலிருந்து பதினைந்துக்கு இறங்கியிருந்தார். கண்காணிப்பாளர் பதினெட்டிலிருந்து பதினாறுக்கு. இயக்குநரைவிட ஒரு கட்டம் மேலே நின்றுகொண்டது அவருடைய பணிவு. கோடை தொடங்கியிருந்ததால் என் மச்சான் இருபத்தேழிலிருந்து இருபத்தொன்பதுக்கு ஏறியிருந்தார்.

அறிக்கை இப்படிப் போயிற்று: “மாத்திரை உட்கொண்டோர் அனைவரும் இரண்டு கட்டம் இறங்கினர். மாவு உட்கொண்டோர் அனைவரும் இரண்டு கட்டம் ஏறினர். ஆகவே மாத்திரை மெலனினைக் குறைக்கும் என்பதோடு, மாவு மெலனினை அதிகரிக்கும் என்ற உபரிக் கண்டுபிடிப்பையும் இவ்வாரியம் நிகழ்த்தியுள்ளது.”

மேடம் மட்டும் அறிக்கையின் அட்டவணையில் ‘வெயிலில் நின்ற நேரம்’ என்று ஒரு பத்தியைத் தன் கைப்பட வரைந்து சேர்த்து அனுப்பினார். மறுநாளே கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: “வெயில் இவ்வாரியத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல. நீக்குக.” நான் ஸ்கேல் வைத்து அந்தப் பத்தியை அழகாகக் கோடு போட்டு அடித்தேன்.

இதோடு போயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இயக்குநருக்கு ஊழியர்கள் மேல் கருணை பிறந்துவிட்டது. இரண்டாம் கட்டத்தில் பதினோரு வால்வுக்காரர்களுக்கும் உண்மையான மாத்திரையே வழங்குவது என்றும், அவர்கள் பன்னிரண்டு வாரத்தில் இரண்டு கட்டம் இறங்க வேண்டும் என்றும், இறங்காதவர்கள் வாரியத்தின் மாத்திரையை விழுங்காமல் ஏமாற்றியவர்களாகக் கருதப்படுவார்கள் என்றும் உத்தரவு வந்தது.

மச்சான் ஏமாற்றவில்லை. தினமும் காலையில் என் மேஜைக்கு முன்னால் நின்று, வாயைத் திறந்து காட்டி, மாத்திரையை விழுங்கி, மறுபடியும் வாயைத் திறந்து காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார். எடுத்துக்கொண்டு நேரே வெயிலுக்குப் போவார். அது உச்சிக் கோடை. பன்னிரண்டாம் வாரம் அவர் முப்பத்தொன்றில் நின்றார். மற்ற பத்துப் பேரும் முப்பதை ஒட்டி முன்னே பின்னே நின்றார்கள்.

குறிப்பாணை எழுதும்படி என்னிடம் சொன்னார்கள்.

“தங்கள் மெலனின், வாரியத்தின் உத்தரவுக்கு முற்றிலும் மாறாக, இரண்டு கட்டம் உயர்ந்துள்ளது கண்டறியப்பட்டுள்ளது. இக்கீழ்ப்படியாமைக்காகத் தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு ஏழு தினங்களுக்குள் விளக்கம் அளிக்குமாறு…”

அது என் சொந்த மச்சானுக்கு. ஆனாலும் ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்தேன். இவ்வளவு காலத்தில் எனக்குப் படிந்துபோன கை அது. மதியம் நானே மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் குழிக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“மாப்பிள்ளை, இது என்ன, மெலனின்னா யாரு?”

“உங்க தோல்ல இருக்கற கறுப்பு, மச்சான்.”

“அதுக்கு ஏன் எனக்கு மெமோ? அது செஞ்ச வேலைக்கு அதுக்கில்ல குடுக்கணும்?”

அவருடைய விளக்கக் கடிதம் மூன்று வரி. “ஐயா, நான் தினமும் மாத்திரையை விழுங்கினேன். வெயிலும் தினமும் என்னை விழுங்கியது. இதில் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்துச் சொல்லவும்.” இது திமிரான விளக்கம் என்று விசாரணை வைத்தார்கள்.

விசாரணையில் மச்சான் செய்தது எனக்கு இன்றும் நினைத்தால் பெருமையாக இருக்கிறது. சட்டையைக் கழற்றினார். கழுத்துக்குக் கீழே, தோளிலும் மார்பிலும் வேறொரு மனிதர் இருந்தார். மேடம் எழுந்துபோய் அட்டையைப் பிடித்துப் பார்த்தார்.

“சட்டைக்கு உள்ள பத்தொன்பது சார். வெளியே முப்பத்தொண்ணு. ஒரே ஆள், ஒரே மாத்திரை, ஒரே வயிறு. வித்தியாசம் வெயில் மட்டுந்தான். இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?”

முடிந்தது கதை என்று நான் நினைத்தேன். கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பதிவேட்டுல ஒரு ஆளுக்கு ஒரு கட்டந்தான் இருக்கு. ரெண்டு எண் எழுத முடியாது.”

இயக்குநருக்கு உயிர் வந்தது. “அதோட, இதுலேருந்து என்ன தெரியுது? சட்டைக்குள்ள மாத்திரை பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. வெளியில இருக்கற பாகத்துலதான் இவர் ஒத்துழைக்கலை.”

தீர்ப்பு வந்தது. சட்டைக்கு உள்ளே தேர்ச்சி, சட்டைக்கு வெளியே தோல்வி. வால்வுக்காரர்கள் பதினோரு பேருக்கும் கடைசி வாய்ப்பாக ஆறு வாரம். அதற்குள் அவரவர் எண்ணிலிருந்து இரண்டு கட்டம் இறங்காவிட்டால் வேலையிலிருந்து நீக்கம். மச்சான் இருபத்தொன்பதுக்கு வந்தாக வேண்டும்.

அன்று மாலை கண்காணிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“ஏம்ப்பா, உங்க மச்சானை உள்ள உக்காரச் சொல்லு. ஆவண அறையில ஜன்னல்கூடக் கிடையாது. ஆறு வாரம் உக்காந்தா தானா இறங்கிடும்.”

“அப்ப வால்வை யார் சார் திறப்பாங்க?”

“எல்லா வால்வையும் பாதி திறந்து வச்சுட்டு வந்து உக்காரச் சொல்லு. திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். எல்லாருக்கும் பாதி. இதைவிட நியாயம் உண்டா?”

பதினோரு பேரும் ஆவண அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். பழைய கோப்புகளைத் தூசி தட்டி, தட்டின தூசி அடுத்த கோப்பில் படிய, அதையும் தட்டி, அப்படியே பொழுது போயிற்று. மற்ற பத்துப் பேரும் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். என் மச்சானுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மணியைப் பார்ப்பார். பத்தானதும், “இந்நேரம் பள்ளிக்கூடத் தெருவை அடைச்சிருக்கணும்” என்பார். அவர் வலது மணிக்கட்டு தானாக ஒரு திருகு திருகும்.

தண்ணீருக்குப் படிவம் புரியாது. வால்வுகள் பாதி திறந்தே கிடந்ததால் முழுத் தண்ணீரும் பள்ளத் தெருக்களுக்குப் போயிற்று. அங்கே சாக்கடை ததும்பி வாசலில் நின்றது. மேட்டுத் தெருக்களில் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. என் வீடு மேட்டுத் தெருவில். என் மனைவி இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று இரண்டு குடங்களோடு நாற்பத்திரண்டு படி இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கினாள். நான்காம் வாரம் அவள் குடத்தை என் முன்னால் டொம்மென்று வைத்தாள்.

“ஏங்க, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாதீங்க. எங்க அண்ணன் வெளுக்கறதுக்கு என் இடுப்பு ஒடியணுமா?”

“வேலை போயிடும்டீ.”

“வேலைங்கறது தண்ணி திறக்கறதுதானே? அதைச் செய்யாம இருந்தா வேலை இருக்கும், செஞ்சா போயிடுமா? இது எந்த ஊர் நியாயம்?”

நான் அலுவலக நியாயத்தை விளக்கப் பார்த்தேன். பாதியில் எனக்கே புரியாமல் போய்விட்டதால் மென்று விழுங்கினேன்.

ஐந்தாம் வாரக் கடைசியில் மச்சானை அளந்து பார்த்தார்கள். இருபத்தொன்பது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் எட்டே நாள் இப்படியே உட்கார்ந்திருந்தால் வேலை நிலைத்துவிடும். அந்தச் சந்தோஷத்தை மனைவியிடம் சொல்ல, அண்ணனை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த தப்பு. படிக்கட்டில் அவர் தங்கை ஏறி வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு படியிலும் குடத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மச்சான் அப்படியே நின்றுவிட்டார். அவளிடமிருந்து குடத்தை வாங்கிக் கொண்டுபோய் வீட்டில் வைத்தார். சாப்பிடவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய்ச் சாவியை எடுத்தார்.

நான் பின்னாலேயே ஓடினேன். “மச்சான், எட்டு நாள்தான்! எட்டே எட்டு நாள்! மதிய வெயில் வேற!”

“எட்டு நாள் தண்ணி இல்லாம இருந்து பாருங்க மாப்பிள்ளை.”

“உங்க பத்தொன்பது வருஷ வேலை மச்சான்!”

“அதைத்தான் பாக்கப் போறேன்.”

அன்றிலிருந்து தினமும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேட்டுத் தெருக்களில் தண்ணீர் வந்தது. யார் திறக்கிறார்கள் என்று மேட்டுத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்கா மோர் கலந்து கொண்டுவந்து, “நீங்க நல்லா இருக்கணும் அண்ணே, உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா விட்டுடுவோமா?” என்று சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் இதே பேச்சு. எனக்குத் தைரியம் வந்தது. பள்ளத் தெருக்காரர்களும் சாக்கடை இறங்கிவிட்டதில் வாயார வாழ்த்தினார்கள்.

அளவை நாள் வந்தது. பத்துப் பேர் தேர்ச்சி. ஆவண அறையிலிருந்து வெளியே வந்து வெளிச்சத்தில் பேந்தப் பேந்த விழித்த அவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. என் மச்சான் முப்பத்தொன்று. பணிநீக்க உத்தரவை நான் முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருக்கவில்லை என்பது மட்டும்தான் நான் காட்டிய எதிர்ப்பு. பத்து நிமிஷம் தாமதமாக அடித்தேன். பத்தரை மணிக்கு மச்சான் சாவியைக் கிடங்கில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார். போக மனமில்லாமல் வாசல் வேலி ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

தேர்ச்சி பெற்ற பத்துப் பேரும் மறுபடியும் கறுத்துவிடப் பயந்து வெயிலுக்குப் போகவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேட்டுத் தெருவில் தண்ணீர் வரவில்லை. ஒன்றரை மணிக்குக் காலிக் குடங்களோடு நானூறு பேருக்குக் குறையாமல் அலுவலக வாசலில் நின்றார்கள். என் மனைவி முன்வரிசையில் இருந்தாள்.

எனக்கு மின்னலாக ஒரு யோசனை. உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு மனு எழுதினேன். ‘சாவிக்காரரை மீண்டும் வேலையில் சேர்க்காவிட்டால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. கீழே கையெழுத்திட்டுள்ள பொதுமக்கள்…’ பதினாறு வருஷத்தில் என் சொந்தப் புத்தியில் எழுதிய முதல் காகிதம் அது. நானூறு கையெழுத்து விழுந்தால் இயக்குநரால் அசைக்க முடியாது. வாசலுக்கு ஓடினேன். முதல் கையெழுத்து என் மனைவி போட்டாள். பேனாவை எதிர்வீட்டு அக்காவிடம் நீட்டினேன்.

அதே நேரத்தில் மாடியில் இயக்குநர் திரைச்சீலையை விரல் நுனியால் விலக்கி, நிற அட்டையை நீட்டிப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் ஒரு மணி நேரமாக வெயிலில் நின்றிருந்தது.

“இருபத்தெட்டு… முப்பது… முப்பத்தொண்ணு! பாருங்க, ஜனங்களுக்கு மெலனின் எவ்வளவு ஏறிக் கிடக்குன்னு! ஊழியருக்கு மட்டும் குடுத்தா எப்படி? அதான் கோவமா வந்திருக்காங்க.”

கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியோடு படியில் தோன்றினார். “பொதுமக்கள் கவனத்துக்கு! உங்கள் கோரிக்கையை இயக்குநர் கனிவோடு ஏற்றுக்கொண்டார். அதிகாரிகள் சாப்பிடும் அதே ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் மாத்திரை, இப்போதே, இலவசமாக, ரெண்டாம் எண் ஜன்னலில்! ஆளுக்கு ஒன்று! கையிருப்பு உள்ளவரை!”

அப்படி ஒரு கோரிக்கையை யாரும் வைக்கவில்லை. ஆனால் ‘அதிகாரிகள் சாப்பிடும் அதே’ என்ற சொல் கூட்டத்துக்குள் போனதும் ஒரு சலசலப்பு. பிறகு குடங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். எதிர்வீட்டு அக்கா என் பேனாவைக் கையில் பிடித்தபடியே ரெண்டாம் எண் ஜன்னலைப் பார்த்து ஓடினாள்.

“அக்கா, கையெழுத்து!”

“இதோ வந்துடறேன் தம்பி, தீந்துடப் போகுது!”

கண்காணிப்பாளர் என் தோளைத் தட்டினார். “இங்க என்ன பண்றே? ரெண்டாம் எண் ஜன்னல்ல யார் உக்கார்றது?”

ரெண்டாம் எண் ஜன்னல் என்னுடையது. போய் உட்கார்ந்தேன். மனுவை மேஜைமேல் வைத்து, அதன் மேல் மாத்திரை வழங்கல் பதிவேட்டை வைத்துத் திறந்தேன். வரிசை மளமளவென்று நகர்ந்தது. “எனக்கு எத்தனையாம் கட்டம்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்” என்று ஒருவர். “எங்க வீட்டுக்காரருக்கும் சேர்த்துக் குடுங்க, அவர் ரொம்ப முப்பத்திரண்டு” என்று ஒரு அம்மாள். இரண்டு மணி நேரத்தில் நானூற்றுப் பதினாறு கையெழுத்து வாங்கினேன். எல்லாம் பதிவேட்டில். மனுவில் ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுக்கு உரியவள் கடைசியில் வந்தாள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பதிவேட்டைப் பார்த்தாள், அதற்கடியில் நீட்டிக்கொண்டிருந்த மனுவைப் பார்த்தாள், வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. எனக்கும்தான்.

“அப்ப அண்ணன் வேலை அவ்வளவுதானா?”

நான் பதிவேட்டை இழுத்து மனுவை மறைத்தேன்.

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி… இவ்வளவு நேரம் வெயில்ல நின்னாச்சு. எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றாள். “உங்களுக்கும் ஒண்ணு எடுத்துக்குங்க. கேட்டா எழுத்தருக்குன்னு எழுதிக்கலாம்.”

கொடுத்தேன். எடுத்துக்கொண்டேன். நானூற்றுப் பதினேழு, நானூற்றுப் பதினெட்டு.

வெளியே நானூறு பேரும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருப்பதை எதிர்வீட்டு அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்: ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கவும். குடங்களைச் சாய்த்துப் பார்த்தார்கள். அலுவலகக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வேலி ஓரத்துக்குப் போய் என் மச்சானைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“சாவிக்கார அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் திறந்து விடுங்கண்ணே. இந்த மாத்திரையை மட்டும் முழுங்கிக்கறோம்.”

மச்சான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியாகத் தங்கையைப் பார்த்தார், அவள் மூடியிருந்த கையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

“சாவியைக் கிடங்குல ஒப்படைச்சுட்டேம்மா. ரசீதுதான் இருக்கு. வேணும்னா இதைத் தொட்டுக்கிட்டு முழுங்குங்க.”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அப்புறம் வாயில் எச்சிலைக் கூட்டி, ஒவ்வொருவராக, கண்ணை மூடிக்கொண்டு, விழுங்கினார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் விழுங்கினேன்.